கம்பி போடும் நாற்காலி

பெரியவரின் வாயில் ஒரு பல்கூட இல்லை.

அவரை உட்கார வைத்திருந்தது, கோணல் பல்லுக்குக் கம்பி போடும் பிரிவில்.

அவள் அந்தப் பிரிவைப் பார்க்கத்தான் அப்பாவோடு வந்திருந்தாள். எந்தக் கல்லூரி என்று நாளைக்குள் சொல்லிவிட வேண்டும். பல் மருத்துவம் படிக்க வேண்டும், அதற்கு மேல் கம்பி போடுவதில் சிறப்புப் பட்டமும் வாங்கிவிட வேண்டும். அந்த ஆசைக்குக் காரணம் அவள் வாயிலேயே இருந்தது. முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. பேச வாயெடுத்தால் கை தானாக மேலே போய் மறைத்துக்கொள்ளும்.

சென்னையில் அரசுக் கல்லூரியிலும் இடம் கிடைக்கும். அப்பாவுக்கு இந்தத் தனியார் கல்லூரிதான் பிடித்திருந்தது. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். மேல்படிப்பும் இதே கட்டடத்தில் இருக்கிறது.

வாசலில், கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுக்க அன்று வரவிருந்த ஆய்வுக் குழுவை வரவேற்று ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். வாழைமரம் வேறு. உள்ளே ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. “எவ்வளவு கூட்டம் பாரு, நல்லாக் கத்துக்கலாம்” என்று அப்பா பூரித்துப் போனார்.

அவள் பெரியவரிடம் குனிந்தாள்.

“என்ன பண்ணுது தாத்தா?”

“ஒண்ணும் பண்ணலம்மா. ஊருக்குள்ள வேன் வந்துச்சு. ஏறுன்னாங்க. கூப்புட்டா வாயத் தொறன்னாங்க.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சாயங்காலத்துக்குள்ள பல்லு கட்டிருவாங்களாம்மா?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேனில் ஏற்றி வந்த வாயை வைத்து இங்கே யார் எதைக் கற்றுக்கொள்வது? ஆளைப் பிடித்து வரத் தெரிந்தவர்களுக்கு, அந்த ஆளின் வாயை ஒரு தடவை பார்க்கத் தோன்றவில்லை. பல் ஆஸ்பத்திரியில்!

அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் அவர் காதிலும் விழுந்திருந்தது. அவர் சுவரில் மாட்டியிருந்த தாடைப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி மேலாளர் ஓடி வந்தார். பெரியவரைப் பார்த்ததும் அவருக்குக் குப்பென்று வியர்த்தது.

“இந்தாள யாருய்யா இங்க உக்கார வச்சது? எந்திரி, எந்திரி.”

வராந்தாவில் ஆய்வுக் குழு வரும் சத்தம் கேட்டது. மேலாளரின் கண் சுற்றிச் சுற்றி வந்து அவள்மேல் நின்றது. அவள் வாயின்மேல்.

“பாப்பா, நீ கொஞ்சம் உக்காரு. ஒனக்குன்னா கச்சிதமா இருக்கும்.”

அவள் அசையவில்லை.

“அஞ்சு நிமிஷம்தானேம்மா” என்றார் அப்பா.

மேலாளர் சொன்னதைத் தாங்கிக்கொண்டாள். இதைத் தாங்க முடியவில்லை.

உட்கார்ந்தாள்.

பெரியவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றார். எங்கே போவது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

குழுவில் வந்த அம்மாள் விளக்கை அவள் முகத்துக்கு நேராக இழுத்தார்.

“என்னம்மா பிரச்சனை?”

கை வாய்க்குப் போனது. பாதியில் நின்றது. அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“மேடம், எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில அவருதான் இருந்தாரு” என்றாள். “மொதல்ல அவர் வாயப் பாருங்க.”