கடைசி அத்தியாயத்துப் பூக்கள்

அன்னாள் அந்த ஃபாரத்தை மூன்றாவது தடவையாகப் படித்தாள்.

பதினோராம் நம்பர் அறை. பெயர் ராக்கப்பன், ஊர் வேலந்தாவளம். பிடித்த நாவல் என்ற இடத்தில் ஒரு மாத நாவலின் பெயர் இருந்தது. எந்தக் காட்சி என்ற இடத்தில், 'கடைசி அத்தியாயம்' என்று இருந்தது.

பள்ளிவாசல் எஸ்டேட்டுக்கு மேலே இருக்கும் அந்த ரிசார்ட்டுக்குப் பெரும்பாலும் ஜோடிகள்தான் வருவார்கள். பிடித்த நாவலை எழுதிக் கொடுத்தால் போதும், அதில் வரும் காதல் காட்சிக்குத் தகுந்த பூ அலங்காரம் மறுநாள் விடியும்போது அறை வாசலில் இருக்கும். அதைச் செய்பவள் அன்னாள். எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டில் மாத நாவல்களைத் தின்றே வளர்ந்தவளுக்கு இந்த வேலை அல்வா சாப்பிடுவது மாதிரி.

எல்லோரும் முதல் சந்திப்பைத்தான் கேட்பார்கள். மிஞ்சிப்போனால் கல்யாணக் காட்சி. கடைசி அத்தியாயத்தை இதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

நேற்று ரிசப்ஷனில் இருக்கும் ஜின்சன் ஃபாரத்தின் அடியில் எழுதியிருந்த பூக்களை மட்டும்தான் போனில் சொல்லியிருந்தான். ஏழு வெள்ளை லில்லி, நடுவில் ஒரே ஒரு சிவப்பு ரோஜா. அவளும் விடியற்காலையில் அழகாக அடுக்கி வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஃபாரத்தை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறாள்.

அந்த நாவலை அவள் மறக்கவில்லை. கல்யாண நாளன்று புருஷன் மனைவிக்கு அதே பூக்களை வைப்பான். தன் கையாலேயே டீ கலந்து கொடுப்பான். பிறகு மூடுபனி விலகுவதைப் பார்க்கலாம் வா என்று மலை விளிம்புக்குக் கூட்டிப் போவான். திரும்பி வரும்போது அவன் தனியாக வருவான்.

அவள் ரிசப்ஷனுக்கு ஓடினாள். பதினோராம் நம்பர்காரர்கள் மலை விளிம்பில் இருக்கும் பாறைப் பக்கம் போய் அரை மணி நேரம் ஆகிறது என்றான் ஜின்சன். இன்று அவர்களுக்குக் கல்யாண நாளாம். பாறையில் கம்பி வேலி இல்லாத இடம் எது, வீட்டுக்காரிக்கு அங்கே போட்டோ எடுக்க ஆசையாம் என்று அந்த ஆள் நேற்றே விசாரித்து வைத்திருக்கிறார்.

"ஃபாரத்தை யாரு கொண்டாந்து குடுத்தா?"

"அவரேதான் கொண்டாந்து நீட்டுனாரு. ஏன்க்கா, முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

அன்னாள் கதையைச் சொன்னாள். ஜின்சன் சிரித்துவிட்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், நீ நாவலைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்றான். விருந்தாளிகளிடம் போய் இதையெல்லாம் உளறினால் மேனேஜர் உன்னை நிறுத்திவிடுவார் என்றும் சொன்னான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று சாப்பாட்டு ஹாலில் ஜாடிக்குப் பூ மாற்றும்போது அந்த ஆளைப் பார்த்திருந்தாள். மாட்டு வியாபாரி. சந்தையில் மாட்டை அதட்டிப் பழகிய குரல். மெனு கார்டை, ஆர்டர் எடுக்க வந்த ஜின்சன் பக்கம் தள்ளிவிட்டு, "கண்ணாடிய ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டனுங்க. நீங்களே வாசிச்சுப் போடுங்க" என்றது ஹால் முழுக்கக் கேட்டது. எதிரே மனைவி வனிதா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாவம், வாயில்லாப் பூச்சி என்று அப்போதே நினைத்தாள் அன்னாள்.

வேலை போனால் போகட்டும். ஒரு பொம்பளையின் உயிர்.

தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறினாள். பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாதபடி மூடுபனி. செருப்பு வழுக்கியது, கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். மேலிருந்து ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. கத்தலா, காற்றா என்று தெரியவில்லை. இயேசுவே, அந்தப் பிள்ளையைக் காப்பாத்தும் என்று முணுமுணுத்தபடியே ஏறினாள். தான் கையால் அடுக்கிய பூவே ஒருத்திக்கு மலர்வளையம் ஆகிவிடுமோ என்று நினைத்தபோது ஓட்டத்தைக் கூட்டினாள்.

வளைவில் ஒரு உருவம் இறங்கி வந்தது. அன்னாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வனிதா.

ஓடிப்போய் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் மூச்சிரைப்புமாக எல்லாவற்றையும் கொட்டினாள். ஃபாரம், லில்லி, நாவல், வேலி இல்லாத இடம் எல்லாவற்றையும். கீழே வாங்க, போலீசுக்குச் சொல்லுவோம், இனி அந்த ஆள்கூட ஒரு நிமிஷம் இருக்க வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

வனிதா அவசரப்படாமல் கேட்டுக்கொண்டாள். சேலையில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"ஏனுங்க்கா, அந்தக் கதைய நீங்களும் படிச்சிருக்கீங்களா?"

"படிச்சதுனாலதான ஓடியாரேன். ஒங்க வீட்டுக்காரரு எழுதிக் குடுத்தத என் ரெண்டு கண்ணால பாத்தேன்மா."

வனிதா ஒரு தடவை பாதையைத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் வரவில்லை.

"அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க."