மூன்று கைதட்டல்

பல் செட் செய்கிறவருக்கு அந்தப் பாடகி என்றால் உயிர். மற்றவர்கள் பாடுவதெல்லாம் வெறும் இரைச்சல். அவளுடைய மேடைக் கச்சேரிப் பதிவு ஒன்று இருபது வருஷமாக அவர் பட்டறையில் ஓடுகிறது. மூன்றாவது பாட்டு முடிந்து, கூட்டமெல்லாம் தட்டி ஓய்ந்த பிறகு, பின்வரிசையிலிருந்து யாரோ ஒருவர் மட்டும் நிதானமாக மூன்று தடவை தட்டுவார். அப்புறம்தான் அவள் நாலாவது பாட்டை எடுப்பாள்.

“நம்மள மாதிரி ஒரு பைத்தியம்மா,” என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பார். கூடவே தானும் தட்டுவார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

இன்று முடியவில்லை. பிளாஸ்டர் இறுகும்வரை மேல்வரிசை, கீழ்வரிசைப் பல் அச்சுகளை இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கிப் பிடித்திருந்தார்.

கூட்டம் தட்டி ஓய்ந்தது. அந்த மூன்று தட்டல் வரவில்லை. நாலாவது பாட்டும் வரவில்லை.

“பாட்டு நின்னுடுச்சாப்பா?” என்று மகள் உள்ளேயிருந்து கேட்டாள்.

நிற்கவில்லை. மைக்கருகே பாடகி மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது.

“இன்னும் ஒருத்தர் தட்டலையே,” என்றாள் பாடகி.

அரங்கம் முழுக்க நாற்காலிகள் ஒன்றாகக் கிறீச்சிட்டன, எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பியதுபோல.