ஒரு சுருட்டு குறைவு

பெட்டியைத் திறந்ததும் துரை ஒரு சுருட்டை எடுத்துக் காதருகே வைத்து மெல்ல உருட்டிப் பார்த்தார். காய்ந்துபோன சலசலப்பு இல்லை.

"அருமை! இந்த ஊர் மழையில் பூஞ்சணம் பிடிக்காமல் எப்படிக் காப்பாற்றினாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வெள்ளைக்காரர்கள் வாழும் தாங்ளினில், துரையின் பங்களாத் தாழ்வாரத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்த சேதுபதி ஓரடி முன்னே வந்தார். இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் ஒன்றரை வருஷமாகக் காத்திருந்தார்.

சீமைக்கு விடுப்பில் கிளம்பிய அன்று துரை அந்த மணிலாச் சுருட்டுப் பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். உள்ளே இருபத்தைந்து சுருட்டுகள்.

சேதுபதிக்குச் சுருட்டு வாடையே ஆகாது. ஆனாலும் விசாரித்துக் கற்றுக்கொண்டார். பெட்டியை ஒரு பெரிய பிஸ்கட் தகரத்துக்குள் இறக்கினார். மழை மாதங்களில் ஈரத்தை இழுக்க, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சுட்ட சுண்ணாம்புக்கல்லை வைத்தார். சுண்ணாம்பு கூடிப்போனால் சுருட்டின் மேலிலை வெடித்துவிடும். வெயில் ஏறிய நாட்களில் கல்லை எடுத்துவிட்டு, நனைத்துத் துடைத்த பானை ஓட்டுத் துண்டு ஒன்றை வைப்பார். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொன்றாகப் புரட்டி வைப்பார்.

அந்த அறையில் ஈரத்துணி காயப்போடக் கூடாது என்பது வீட்டில் சட்டம். மழைக்காலத்தில் மனைவி மங்களம் கைக்குழந்தையின் துணியை அடுப்பங்கரைப் புகையில் உலர்த்தினாள்.

எல்லாவற்றையும் துரையிடம் சொன்னார். பிறகு, வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததையும் சொன்னார்.

"ஒன்று குறைகிறது, ஐயா. என் மனைவியின் அண்ணன் திருடிவிட்டான். அன்றைக்கே அவனை வீட்டைவிட்டு விரட்டிவிட்டேன்."

துரை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு விளங்கவில்லை.

"திருடினானா? இதை நான் உனக்கல்லவா கொடுத்தேன்!"



"கீப் தெம், சேதுபதி." கப்பலேறிய அன்று துரை சொன்னது அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில்தான் 'வைத்திரு' வேறு, 'வைத்துக்கொள்' வேறு. ஒரு வெள்ளைக்காரர் தனக்குப் பரிசு தருவார் என்று கனவிலும் நினைத்திராத சேதுபதியின் காதில் அன்று விழுந்தது 'வைத்திரு' என்பதுதான்.

துரை உள்ளே திரும்பித் துரைசானியிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் சிரித்தாள். அதில் வஞ்சகம் இல்லை. அதனாலேயே தாங்க முடியவில்லை.

"கொண்டுபோ. இப்போதாவது பிடித்துப் பார்," என்று துரை பெட்டியை மூடி அவர் கையிலேயே கொடுத்தார்.

ரிக்ஷாவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சேதுபதி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. அவருக்கு மட்டும் போன மார்கழி மழை கண்ணுக்குள் பெய்துகொண்டிருந்தது.

மங்களத்தின் அண்ணன் வேலாயுதம் மாட்டுவண்டி ஓட்டுகிறவன். தங்கை வீட்டில்தான் தங்கியிருந்தான். தொப்பலாக நனைந்து வந்த ஒருநாள், குளிர் தாங்காமல் ஒரு சுருட்டை எடுத்துப் பற்றவைத்தான். கேட்டபோது ஒளிக்கவும் இல்லை. "ஒண்ணே ஒண்ணுதான் மாப்ளே, வாங்கி வச்சுடறேன்," என்றான்.

தெருவே பார்க்க அவன் துணிமூட்டையைத் தூக்கிச் சேற்றில் எறிந்தார் சேதுபதி. 'திருட்டுப்பயல்' என்ற சொல்லை இரண்டு முறை சொன்னார். மங்களம் கதவுக்குப் பின்னால் நின்று வாயில் புடவையை அடைத்துக்கொண்டு அழுதாள். மூட்டையைப் பொறுக்கிக்கொண்டு போனவன் கிராஞ்சிப் பக்கம் ஏதோ ரப்பர்த் தோட்டத்தில் இருப்பதாகக் கேள்வி. அப்புறம் அவன் இந்தத் தெருவில் கால் வைக்கவில்லை.

சிராங்கூன் ரோட்டு மாட்டுக்கொட்டகையருகே வண்டிகள் நின்றிருந்தன. கிராஞ்சிக்குப் போகிறவன் ஒருவனாவது அதில் இருப்பான். 'வேலாயுதத்தை வீட்டுக்கு வரச் சொல்' என்று சொல்லியனுப்பினால் போதும். ரிக்ஷாவை நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கினார்.

ஏன் என்று கேட்பார்கள். சொல்ல வேண்டியிருக்கும்.

தூக்கிய கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ரிக்ஷா கொட்டகையைத் தாண்டி ஓடியது.

மங்களம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். பெட்டி திரும்பி வருவதைக் கண்டதும் அவள் முகம் வெளிறிப் போயிற்று.

"ஒண்ணு குறைஞ்சதுக்குப் பெட்டியே வேணாம்னுட்டாரா? துரை என்னதாங்க சொன்னாரு?"

சேதுபதி பதினோரு வருஷமாகக் கோர்ட்டில் துவிபாஷி. கொலை செய்தவன் சொன்னதானாலும், பொய்ச்சாட்சி சொன்னதானாலும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்கிறவர். நீதிபதி ஆசனத்திலிருந்து அதே துரை சொல்வதை அப்படியே தமிழில் திருப்பிச் சொல்கிறவர்.

"பத்திரமா வச்சிருந்ததுக்காக எனக்கே குடுத்துட்டாரு," என்றார்.

"அண்ணன் எடுத்ததுக்கு?"

"மன்னிச்சுட்டாரு."

மங்களத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, தாங்ளின் இருக்கும் திசையைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினாள்.