மிச்சமிருந்த விரல்

பூட்டிய ஆபீசுக்குள் நான்கு பேர்: மேனேஜர், கணக்குப் பார்க்கும் அக்கா, மடியில் பையோடு காலையிலிருந்து மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர், புரோகிராமர். பைக்குச் சொந்தக்காரர் ஆடிட்டர்தான் என்று அக்கா முடிவு கட்டியிருந்தாள்.

அந்தக் கதவு விரல் வைத்தால்தான் திறக்கும். உள்ளேயிருந்து போகவும் அப்படித்தான். மத்தியானத்திலிருந்து அது யார் விரலையும் சட்டை செய்யவில்லை. வெளியே நின்ற வாட்ச்மேன் விரலையும்தான்.

"என்னய்யா பண்ணித் தொலைச்ச?" என்றார் மேனேஜர்.

"நீங்க அனுப்பின புது விரல் பதிவைக் கதவோட ஃபைல்ல சேர்த்தேன் சார். அது மத்தவங்க பதிவை எல்லாம் அழிச்சிட்டுப் புதுசை மட்டும் எழுதியிருக்கு."

"நகல்?"

"எடுக்கல சார். திரும்பப் பதியணும்னா விரல் பதியற பெட்டி கதவுக்கு வெளிய இருக்கு."

இன்னொரு தப்பு நடந்தால் வேலை போகும் என்று மேனேஜர் புரோகிராமரை ஏற்கெனவே எச்சரித்திருந்தார். வேலை போனால் கம்பெனி இன்சூரன்ஸ் போகும். இன்சூரன்ஸ் போனால் அம்மாவின் டயாலிசிஸ் நிற்கும்.

"மேனுவலைப் படிச்சியா இல்லியா?"

"படிச்சேன் சார். 'கொடுத்ததை ஃபைலில் எழுதும்'னு ஒரே வரிதான்."

ஆடிட்டர் எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார். "பாவம், இவர் மேல தப்பில்ல. முன்னாடி இருந்தது என்னாகும்னு மேனுவல்ல மூச்சே விடல. இந்த சாஃப்ட்வேர் லைப்ரரியே இப்படித்தான்."

புரோகிராமருக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"சார், அந்தப் புது விரல்காரர் வந்தா திறந்துடும். யாரு சார் அது?"

"அது உனக்கெதுக்கு?" மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

"நல்லாருக்கே! அவர் வந்தாத்தானே நாங்க வீடு போய்ச் சேர முடியும்?" என்றாள் அக்கா.

"ஒரு போன் போடுங்க சார். அவர் கால்ல வேணா விழறேன்" என்றான் புரோகிராமர்.

யாரும் போனை எடுக்கவில்லை. ஆடிட்டர்தான் மெதுவாகக் கதவருகே போய் விரலை வைத்தார்.

பச்சை விளக்கு எரிந்தது.

புரோகிராமர் முதல் ஆளாக வெளியே பாய்ந்து பதிவுப் பெட்டியைத் திறந்தான். "ஒவ்வொருத்தரா வாங்க சார், எல்லாரையும் பதிஞ்சிடறேன்! முதல்ல என் விரல்..."

"அது வேண்டாம் சார்." கதவுக்கு உள்ளேயே நின்ற பைக்காரர் தலை குனிந்துகொண்டார். "நாளையிலேர்ந்து உங்க சீட்டுல நான்தான்."

மேனேஜரின் கை உள்ளேயிருந்து இழுக்க, கதவு மூடிப் பூட்டிக்கொண்டது.