மேசைக்காலடியில் ராணி

ஆட்டம் ஒருமுறை கூடி வந்தால் போதும், படிப்பை விட்டுவிட்டதை அப்பாவிடம் போனில் சொல்லிவிடுவது என்று தணிகை முடிவு செய்திருந்தான். காலையிலிருந்து ஒற்றை ஆளாகச் சீட்டைக் கலைத்துக் கலைத்து, கறுப்பின் மேல் சிவப்பும் சிவப்பின் மேல் கறுப்புமாக அடுக்குகிறான். கூடவே இல்லை. "எப்படிடா கூடும்? ஆட்டின் ராணி, அந்தச் சிவப்பு இதயச் சீட்டே கட்டுல இல்லையே," என்றான் அறைத்தோழன் ஜோயல். "அப்படியா?" என்றான் தணிகை, ரொம்ப ஆச்சரியப்பட்டவன் போல. ஜோயல் குனிந்து, மேசை ஆடாமலிருக்கத் தணிகையே மடித்துக் காலடியில் செருகியிருந்த சீட்டை உருவினான். "இந்தா மாப்ள, உன் ராணி. இப்ப ஆடு." அந்த ஆட்டம் பாழாய்ப்போன வேகத்தில் கூடி வரப் பார்த்தது. கையிலிருக்கும் ராணியை வைத்தால் மீதி தானாக ஏறிவிடும். மேசை கடகடவென்று ஆடியது. "சீட்ட எடுத்தல்ல, அதான் ஆடுது," என்றான் தணிகை. "மேசைய சொல்லாத," என்றான் ஜோயல், "மொதல்ல உன் கால ஆட்டாம உக்காரு."