மதினி வழியாக

சொத்தைப் பிரித்தபோது பிக்கப் வண்டியை மட்டும் இரண்டாக வெட்ட முடியவில்லை. அதனால் பேச்சு முறிந்த பிறகும் பொன்னுலிங்கமும் தம்பி சுயம்புவும் அதை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். டேங்குக்குள் இருக்கும் டீசல் பம்பு செத்துப்போனதும், வீட்டு வாசலில் வைத்தே புதுசு மாட்ட இறங்கினார்கள். அண்ணன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். தம்பி பக்கத்தில் நின்றான். அண்ணன் மனைவி இசக்கியம்மாள் நடுவில் நின்று, கையெட்டும் தூரத்துக்குப் பேச்சைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

"அவன்கிட்ட பெரிய ஸ்பேனரக் கேளு."

"தம்பி, பெரிய ஸ்பேனரக் கேக்காவ."

உள்ளே குக்கர் விசிலடித்தது. அவள் போய்விட்டாள். டேங்க் காலியாகத்தான் இருக்கும் என்று பொன்னுலிங்கம் நினைத்திருந்தார். நேற்று வண்டி கிளம்பாதபோது, டீசல்தான் தீர்ந்துவிட்டதென்று சுயம்பு கேன் கேனாக ஊற்றி நிரப்பியிருந்தான். அதைச் சொல்ல மதினி அப்போது பக்கத்தில் இல்லை. இப்போதும் இல்லை. அண்ணன் டேங்கைத் தாங்கிய பட்டையின் கடைசி நட்டைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

டேங்க் மொத்தமாக அவர் நெஞ்சின்மேல் இறங்கியது.

"இசக்கி," என்றார் மூச்சில்லாமல். "அவன்கிட்ட தூக்கச் சொல்லு."

சுயம்பு குனிந்து பார்த்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, அருகில் நிற்பவளிடம் பேசுவதுபோல் மெல்லச் சொன்னான்.

"மதினி, ஒங்க வீட்டுக்காரரு என்னமோ சொல்லுதாரு. என்னன்னு கேளுங்க."

உள்ளே அடுத்த விசில் அடித்தது.