அதே டிராக், அதே விளக்கு

"இந்த லைட்டு இந்த டிராக்குக்குச் சேராதுங்கம்மா."

ஏணியின் உச்சியில் நின்று ஒயர்மேன் மருதாசலம் மூன்றாவது தடவையாகச் சொன்னான். காலையிலிருந்து அண்ணாந்தே வேலை செய்ததில் அவனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. கீழே வீட்டுக்காரி கலைமணி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பக்கத்தூட்ல சேருது. எங்கூட்ல மட்டும் ஏன் சேராது?"

மருதாசலம் பொறுமையாக எடுத்துச் சொன்னான். டிராக் என்பது கூரையில் பதிக்கிற கறுப்புப் பட்டை. அதற்குள் செம்புக் கம்பி ஓடும். விளக்கின் நாக்கு அந்தக் கம்பியைத் தொட்டால்தான் எரியும். இந்தப் பட்டையில் கம்பி மூன்று. இந்த விளக்கோ இரண்டு கம்பிப் பட்டைக்கென்று செய்தது. அமுக்கினால் மாட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

சேலத்து விளக்குக் கடைக்காரரும் இதையேதான் சொல்லியிருந்தார். மூன்று கம்பிக்குப் பொருந்துகிற விளக்கை எடுத்து முன்னால் வைத்தும் காட்டினார். கலைமணி அதைத் தொடவில்லை. போனில் இருந்த படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். இதில் என்ன இருக்கிறதோ அதேதான் வேண்டும், அதே பட்டை, அதே தங்க வாய் விளக்கு, நாலு.

படத்தில் இருந்தது சத்யபிரியாவின் வீடு. சத்யபிரியா கலைமணியின் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. புதுச்சத்திரத்தில் அண்ணன் வீடும் தம்பி வீடும் பக்கத்தில் பக்கத்தில். ஆண்கள் இருவரும் லாரியோடு வடக்கே போனால் இருபது நாள் ஆகும் திரும்ப. பெண்கள் இருவர்தான் ஒருவர் வாசலை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

ஆறு மாதத்துக்கு முன் யாரோ வெளியூர் ஆளை வைத்து சத்யபிரியா அந்த விளக்குகளை மாட்டினாள். காலையில் காப்பிக்கு வந்த சொந்தபந்தமெல்லாம் அண்ணாந்து பார்த்து, சினிமாவில் வருகிற வீடு மாதிரி இருக்கிறது என்றார்கள். அதை இங்கே வந்தும் சொன்னார்கள். அன்றோடு கலைமணிக்குச் சோறு இறங்கவில்லை. பொழுது சாய்ந்தால் அந்த வீட்டு ஜன்னலில் திரை விழுந்துவிடும். வெளிச்சத்தைக்கூட அடுத்தவள் பார்க்கக் கூடாதாம் என்று நினைத்துக்கொள்வாள். இருட்டிய பிறகு அந்தப் படியை மிதிப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். விளக்கு அங்கே, எரிந்தது இவள் வயிறு.

நாளை மாலை மகள் யுவஸ்ரீயைப் பெண் பார்க்க வருகிறார்கள். வந்தவர்கள் சித்தி வீட்டுக்கும் ஒரு எட்டு போய்த்தான் திரும்புவார்கள். பெண் வீட்டைவிடச் சித்தி வீடு வசதி என்று அவர்கள் வாயில் வந்துவிட்டால் போதும். அப்புறம் ஊரே அதைச் சொல்லும்.

அதனால்தான் மானத்தை விட்டு, அந்த விளக்கு என்ன கம்பெனி என்று போன வாரம் சத்யபிரியாவிடமே கேட்டாள். அவள் ஒன்றும் பிகு செய்யவில்லை. அட்டைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, கூரையில் மாட்டியிருந்ததையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொன்னாள். அன்று முதல், பால் வாங்கப் போகும்போதும் துணி காயப் போடும்போதும் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே கேள்விதான்.

"மாட்டியாச்சுங்களாக்கா?"

கொழுப்பு, வேறென்ன. தன் வீட்டைப் பார்த்து ஒருத்தி காப்பி அடிப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"நீ மாட்டு மருதாசலம். மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாள் கலைமணி.

நான்கையும் அமுக்கித் திருகி மாட்டினான். ஜம்மென்று நின்றன. சுவிட்சைப் போட்டான். ஒன்றும் எரியவில்லை. மறுபடி கழற்றி, துடைத்து, மாட்டிப் பார்த்தான். இல்லை.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் சேலம் போய், பொருந்துகிற விளக்காக மாற்றி வந்துவிடுகிறேன், மத்தியானத்துக்குள் எரிய வைக்கலாம் என்றான். கலைமணி காதில் அது விழவே இல்லை.

"அங்க எப்புடி எரியுது?"

"உள்ள வேற ஏதாச்சும் சாமான் வெச்சிருப்பாங்களோ என்னமோங்க" என்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டான்.

அது போதுமாக இருந்தது. சத்யபிரியா எல்லாவற்றையும் காட்டுவது போலக் காட்டி ஒன்றை மட்டும் மறைத்திருக்கிறாள். பெண் பார்க்க வருகிற அன்றைக்கு இவள் வீடு இருண்டு கிடக்க வேண்டும், அதுதான் கணக்கு. கலைமணி வைராக்கியத்தை மறந்தாள். மசமசவென்று இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் மதிலைச் சுற்றிப் போய்க் கதவைத் தட்டினாள்.

சத்யபிரியா கதவைத் திறந்து வாசல்படியை மறித்தாற்போல் நின்றாள். முகத்தில் அதே ஆவல். வாய் திறப்பதற்குள் கலைமணி கேட்டுவிட்டாள்.

"ஏம்புள்ள, எம் புள்ளைக்கு ஒரு நல்லது நடக்கக் கூடாதுன்னா நேராவே சொல்லியிருக்கலாமில்ல? என்னத்த மறச்ச? அதே டிராக்கு, அதே லைட்டு. ஒண்ணுகூட எரியல."

சத்யபிரியாவின் முகம் தொங்கிப்போனது. தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு கலைமணியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"உங்களுதும் எரியலீங்களா?" என்றாள் மெதுவாக. "உங்க ஊட்ல எரிஞ்சா, அதே ஆளக் கூட்டியாந்து எங்களுதையும் எரிய வெச்சுக்கலாம்னுதானுங்க்கா நான் காத்துட்டு இருந்தேன்."